முக்திநாத்துக்கு ஒரு சிறு மூட்டை

தைப்பூசத்தில் காவடி எடுக்கும் அன்பர் ஒருவர், தம் தோளில் ஏறப்போகும் சுமையைப் பற்றி எத்தனை நாள் சிந்திக்கிறார் என்பதைப் பினாங்கு மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. விரதம் தொடங்கிய நாள் முதல் உணவைச் சுருக்கி, தரையில் படுத்து, காவடியின் அளவையும் எடையையும் பலமுறை சரிபார்த்த பின்னரே அவர் தண்ணீர்மலையின் 513 படிகளில் கால் வைக்கிறார். அதே அன்பர் இமயத்துத் திருத்தலம் ஒன்றுக்கு யாத்திரை புறப்படும்போது என்ன செய்கிறார்? பயணத்துக்கு முந்தின இரவு, வீட்டிலுள்ள மிகப் பெரிய பெட்டியைக் கீழே இறக்குகிறார். கண்ணில் பட்டதையெல்லாம் அதனுள் திணிக்கிறார். மூடி பொருந்த மறுக்கவே, பிள்ளைகளில் ஒருவனை அதன்மேல் உட்காரச் சொல்லிப் பூட்டுகிறார்.

முக்திநாத், கேதார்நாத், கயிலை முதலிய உயர்மலைத் தலங்களுக்குச் செல்லும் அன்பர்களை இன்று நம் ஆலயங்கள் பலவற்றிலும் காண்கிறோம். அவர்கள் அனைவரும் செல்வந்தர்கள் அல்லர். மாதம் ஐம்பது வெள்ளி, நூறு வெள்ளி எனச் சேர்த்து வைத்துப் புறப்படும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஊழியர்களும், ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களும் அவர்களுள் உண்டு. அத்தகையோருக்குப் பயன்படட்டும் என்றே இக்கட்டுரை எழுதப்படுகிறது. எல்லாம் கற்றவன் கூறும் அறிவுரையாக இதனைக் கொள்ள வேண்டாம். ஆலயச் செயலாளர் என்ற பொறுப்பில் இருந்துகொண்டு அடியேன் செய்த ஒரு பிழையின் கணக்காகவே கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

ஆழ்வார்களின் பாடல் பெற்ற 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான திருச்சாளக்கிராமம் எனப் போற்றப்படும் முக்திநாத், நேப்பாள நாட்டின் முஸ்தாங் மாவட்டத்தில் அமைந்துள்ளது. ஒருபுறம் 8,167 மீட்டர் உயரமுள்ள தவளகிரியும், மறுபுறம் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணாவும் நிற்க, இடையே காளி கண்டகி ஆறு பாய்கிறது. சாளக்கிராமக் கற்கள் கிடைப்பது இவ்வாற்றுப் படுகையில்தான். அவ்வாற்றின் கரையில் ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில் ஜோம்சோம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்து மலைமேல் சென்றால், 3,700 மீட்டருக்கும் உயரத்தில் திருக்கோயில். சந்நிதியைச் சுற்றிப் பின்புறச் சுவரில் 108 நீர்த்தாரைகள் விழுகின்றன. முன்னே இரு திருக்குளங்கள். பௌத்தர்களுக்கும் இது புனிதத் தலம். அருகிலுள்ள ஜ்வாலா மாயி சந்நிதியில், பாறையிடுக்கில் வெளிப்படும் இயற்கை வாயுவால் எரியும் சுடரையும் அன்பர்கள் தரிசிக்கின்றனர்.

2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் எங்கள் ஆலயத்திலிருந்து பன்னிருவர் இத்தலத்துக்குப் புறப்பட்டோம். ஏற்பாடுகள் அனைத்தும் அடியேன் பொறுப்பு.

மணியின் எடை

பயணச் செய்தி ஆலயத்தில் பரவியதும், போக இயலாதவர்கள் தத்தம் காணிக்கைகளைக் கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கினர். பட்டு வஸ்திரங்கள் ஏழு சேர்ந்தன. பசுநெய் இரண்டு லிட்டர். பித்தளைத் தூக்குவிளக்கு ஒன்று. சந்தனக் கட்டைகள். ஆண்டுதோறும் திருவிழாவில் ஒரு நாள் உபயத்தை ஏற்று நடத்தும் பெரியவர் ஒருவர், தம் குடும்பத்தின் பெயர் பொறித்த வெண்கல மணியைச் செய்வித்துக் கொண்டுவந்தார். மூன்றரைக் கிலோ. "செயலாளர் கையால் போய்ச் சேர வேண்டும்" என்று அவர் கூறியபோது, மறுத்துரைக்கும் துணிவு அடியேனுக்கு இல்லை. ஆலய நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு இந்நிலை நன்கு புரியும். உபயகாரர் மனம் கோணினால் அடுத்த ஆண்டுத் திருவிழாக் கணக்கில் ஒரு நாள் வெற்றிடமாகிவிடும். எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தபோது பதினொரு கிலோ வந்தது.

கோலாலம்பூரிலிருந்து காட்மாண்டு வரை இடர் ஒன்றும் இல்லை. அங்கிருந்து பேருந்தில் பொக்காரா சென்றோம். பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குப் பறப்பவை மிகச் சிறிய விமானங்கள். ஒருவருக்குப் பத்துக் கிலோ பெட்டியும் ஐந்து கிலோ கைப்பையும், ஆகப் பதினைந்து கிலோவே எங்களுக்கு அனுமதி. விடுதிக்காரரிடம் கொக்கித் தராசு ஒன்றை வாங்கி, இரவு ஒன்பது மணிக்கு முன்கூடத்தில் எல்லாருடைய மூட்டைகளையும் நிறுத்தோம். பன்னிருவரில் எண்மர் அளவைத் தாண்டியிருந்தனர். ஒருவர் பெட்டியில் அரிசிச் சோறாக்கும் மின்பானை இருந்தது. மற்றொருவரிடம் மைலோ டின் இரண்டு, சம்பல் போத்தல் நான்கு. இவற்றுக்கெல்லாம் மேலாக ஆலயத்தின் பதினொரு கிலோ காணிக்கை.

அப்போது அடியேன் எழுந்து, "சாமி காரியம், ஆளுக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன்.

முதலில் எழுந்து வந்தவர் எங்கள் ஆலயத்தில் வெள்ளிக்கிழமைதோறும் விளக்குத் துலக்கிப் பூத் தொடுக்கும் ஓர் அம்மையார். அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. இளமையில் செபெராங் பிறையில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். எங்கள் எல்லாருக்கும் அவர் அக்கா. பன்னிருவரில் மிகச் சிறிய பை அவருடையதுதான். அதிலும் பாதி இடத்தை, அவர் மகன் பண்டல் கடையில் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்திருந்த இறகு நிரப்பிய தடித்த குளிர்ச்சட்டை அடைத்துக்கொண்டிருந்தது. அவர் அதனை வெளியே எடுத்து விடுதிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, நெய் டின்னையும் இரண்டு பட்டு வஸ்திரங்களையும் உள்ளே வைத்துக்கொண்டார். "கம்பளிச் சட்டை ஒண்ணு இருக்கு தம்பி, போதும்" என்றார். அடியேனும் போதும் என்றே எண்ணினேன். அக்குளிர்ச்சட்டையை உடலில் அணிந்துகொண்டே விமானம் ஏறியிருக்கலாம் என்ற எளிய யோசனைகூட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பொக்காராவின் வெயில் அப்படி!

மற்றொரு சிக்கனமும் அன்றிரவு நிகழ்ந்தது. ஜோம்சோமில் இரு இரவுகள் தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு மேலேறுவதாகத்தான் முதல் திட்டம். அறை வாடகையை மிச்சப்படுத்தலாம் என்று கருதி, அவ்விரு இரவுகளையும் நீக்கிவிட்டேன். மிச்சமான பணத்தில் ஒரு பகுதி, மறுநாள் காலை மணிக்கும் விளக்குக்கும் கூடுதல் எடைக் கட்டணமாகச் செலவாயிற்று.

விமானம் இருபது நிமிடத்தில் ஜோம்சோமை அடைந்தது. உடனே ஜீப் பிடித்து மேலேறி, முற்பகலிலேயே திருக்கோயிலை அடைந்தோம். பனி உருகி வரும் 108 தாரைகளின் கீழும் தலையைக் கொடுத்து ஓடுவது அங்குள்ள மரபு. அக்கா ஒரு தாரையையும் விடவில்லை. இரு குளங்களிலும் மூழ்கி எழுந்தார். அந்த அரை மணி நேரம் எங்கள் அனைவரின் வாழ்விலும் மறக்கவியலாதது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் கடந்ததும் காற்று எழும். நண்பகலுக்குள் அது கல்லையும் மண்ணையும் வாரி வீசும் பெருங்காற்றாகிவிடும். விமானங்கள் காலையில் மட்டும் பறப்பதன் காரணம் இதுவே. ஈரத் தலையோடு அந்தக் காற்றில் நின்றோம்.

மறுநாள் காலை அர்ச்சனை செய்வதாக முடிவு செய்து, கோயிலுக்குக் கீழேயுள்ள இராணிபௌவாவில் தங்கினோம். இரவு எட்டு மணியளவில் அக்காவுக்குத் தலைவலி தொடங்கியது. பத்து மணிக்குள் மும்முறை வாந்தி. வெந்நீரும் வயிற்றில் தங்கவில்லை. நடுக்கம் நிற்கவில்லை. மாற்றிக் கொடுக்க எங்களுள் எவரிடமும் ஒரு தடித்த சட்டை மிகுதியாக இல்லை. மூட்டையில் ஏழு பட்டு வஸ்திரங்கள் இருந்தன. அவற்றையும் போர்த்திப் பார்த்தோம். குளிருக்கு அவை ஒன்றும் உதவவில்லை. விடுதி நடத்தும் மூதாட்டி வந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். எங்கள் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி எங்களுக்குத் தெரியாது. கையால் கீழே சுட்டிக்காட்டினார். மீண்டும் மீண்டும் கீழேயே சுட்டினார்.

இருமடங்கு வாடகைக்கு ஒரு ஜீப் கிடைத்தது. விடுதியின் தடித்த போர்வையில் அக்காவைச் சுற்றி, ஒன்றரை மணி நேரம் இருளில் இறங்கினோம். அந்த மலைப்பாதையில் அடியேன் வேண்டாத தெய்வம் இல்லை. ஜோம்சோமில் ஓர் அறையில் படுக்க வைத்தோம். விடியற்காலையில் அக்கா கண் விழித்து, "தம்பி, டீ கிடைக்குமா?" என்று கேட்டார். மேலே தங்கியிருந்தவர்கள் அன்று காலை மணியைத் திருக்கோயிலில் ஒப்படைத்தனர்.

மருத்துவர் சொன்னது

ஊர் திரும்பியதும் எங்கள் குடும்ப மருத்துவரிடம் நடந்ததைக் கூறி, "குளிர்ச்சட்டையை விட்டு வந்ததால்தானே இப்படி ஆயிற்று?" என்று கேட்டேன். "பாதிதான் சரி" என்றார் அவர். நடுக்கத்துக்குக் காரணம் குளிர். தலைவலிக்கும் வாந்திக்கும் காரணம் உயரம். இரண்டும் வெவ்வேறு பகைவர்கள். எங்கள் முறைகேட்டால் ஒரே இரவில் ஒன்றாக வந்து சேர்ந்தனர்.

ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய அடியேனுக்கு அவர் விளக்கியதை இயன்றவரை எளிமையாகக் கூறுகிறேன். உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. முக்திநாத் உயரத்தில் ஒரு மூச்சில் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, பினாங்குக் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள் வேண்டும். 3,000 மீட்டரைக் கடந்த பின், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது மலை மருத்துவர்களின் பொது விதி. பகலில் உயர ஏறி வரலாம். இரவில் தாழ்ந்த இடத்தில் உறங்க வேண்டும். நாங்கள் காலையில் 820 மீட்டர் உயரத்திலிருந்த பொக்காராவில் எழுந்து, அன்றிரவே 3,700 மீட்டரைத் தாண்டிய இடத்தில் படுத்தோம்.

இங்கே பினாங்கு வாசகர்கள் ஒன்றைக் கருதிப் பார்க்கலாம். நம் கொடிமலையின் உச்சி 833 மீட்டர். முக்திநாத் யாத்திரை தொடங்கும் பொக்காராவின் உயரமும் ஏறத்தாழ அதுவே. நாம் மலை என்று அறிந்தது எங்கே முடிகிறதோ, அங்கேதான் அந்தப் பயணம் தொடங்குகிறது. வாரம் மும்முறை தண்ணீர்மலைப் படி ஏறினால் காலுக்கும் நெஞ்சுக்கும் வலிமை உண்டாகும். தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதையில் மூட்டையோடு நடப்பது அதனினும் நன்று. ஆயினும் உயரத்துக்கு இங்கே பழகிக்கொள்ள வழியில்லை. நம் நாட்டில் அந்த அனுபவத்தைத் தரக்கூடியது 4,095 மீட்டர் உயரமுள்ள கினாபாலு மலை ஒன்றே. எங்கள் குழுவில் நெடுந்தூர ஓட்டப் பந்தயங்களில் ஓடும் இளைஞர் ஒருவர் இருந்தார். அவருக்கும் அன்றிரவு தலை பிளந்தது. உடல்வலிமை உள்ளவரை உயரம் விட்டுவைப்பதில்லை.

தலைவலியோடு குமட்டல் கண்டால் அதற்கு மேல் ஏறலாகாது. நடை தள்ளாடினாலோ, அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, பொழுது விடியட்டும் என்று காத்திராமல் உடனே இறங்க வேண்டும். அர்ச்சனைச் சீட்டு வாங்கியாகிவிட்டதே என்று தயங்குவது தவறு.

குளிரைப் பற்றியும் ஒரு செய்தி. முக்திநாத்துக்கு மேலே 5,416 மீட்டர் உயரத்தில் தோரோங் கணவாய் உள்ளது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹூட்ஹூட் புயலின் எச்சம் வடக்கே சென்று, இரு நாள்களில் அக்கணவாயிலும் சுற்றுப்புறத்திலும் பெரும் பனிப்புயலாக இறங்கியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மழை குறைந்து வானம் தெளிந்திருக்கும் பருவம் என்று மலையேறிகள் நம்பிச் செல்லும் மாதம் அது. வெயிலைக் கண்டு தடித்த சட்டையைக் கீழே விட்டுச் செல்லலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

மூட்டையில் எது, எது வேண்டாம்

மருத்துவரிடமும், மலையேறிப் பழகிய நண்பர்களிடமும் கேட்டறிந்து, பின்னர் அடியேன் வகுத்துக்கொண்ட அளவு ஏழு கிலோ. உடலில் அணிந்திருப்பவை இதில் சேரா. மலிவுக் கட்டண விமானங்களில் கைப்பையாகக் கொண்டுசெல்ல அனுமதிப்பதும் பொதுவாக ஏழு கிலோதான். ஆகவே பெட்டிக்கென்று தனிக் கட்டணம் செலுத்தும் தேவையும் எழுவதில்லை. ஏழு கிலோவுக்குள் அடங்குமா என்று கேட்போருக்கு: தாராளமாக அடங்கும், சோற்றுப்பானையை வீட்டில் விட்டு வந்தால்.

முதலில் உடை. நம்மவர் வழக்கமாக அணியும் பருத்தி பனியன் மலையில் பகையாகும். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். அந்த ஈரம் காற்றில் உடலைக் குளிரச் செய்யும். விளையாட்டு வீரர்கள் அணியும் பாலியெஸ்டர் சட்டையே உள்ளாடையாக ஏற்றது. தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் தொண்டர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கும் சட்டை எல்லார் வீட்டிலும் இரண்டாவது இருக்கும். அதுவே போதும், புதிதாக வாங்க வேண்டியதில்லை. அதற்கு மேல் கம்பளிச் சட்டை ஒன்று. அதற்கும் மேல் இறகோ பஞ்சிழையோ நிரப்பிய குளிர்ச்சட்டை ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய மேலங்கி. ஒரே தடித்த சட்டையைக் காட்டிலும் இப்படி அடுக்காக அணிவது நல்லது. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம், நிழல் விழுந்ததும் ஒவ்வொன்றாக அணியலாம். பண்டல் கடைகளிலும் லோரோங் கூலிட் சந்தையிலும் பொறுமையாகத் தேடினால், புதிய விலையில் ஒரு சிறு பங்குக்கு இவை கிடைக்கும். காட்மாண்டுவின் தாமெல் பகுதியில் குளிர்ச்சட்டைகளை நாள் வாடகைக்கும் தருகின்றனர்.

குளிர்ச்சட்டையும் கனத்த காலணியும் விமானம் ஏறும்போது உடலில் இருக்கட்டும். வேர்க்கும். வேர்த்தால் வேர்க்கட்டும்.

காதை மூடும் குல்லாய், கையுறை, கம்பளிக் காலுறை இரண்டு இணை. ஓர் இணை பகலுக்கு. மற்றது இரவுக்கு மட்டும், நனையாமல் காக்கப்பட வேண்டியது. நீராடுவதற்கென்று பெண்டிருக்கு எளிதில் உலரும் பழைய நைலக்ஸ் சேலை ஒன்று அல்லது சுரிதார். ஆடவருக்கு ஒரு நான்கு முழ வேட்டி. துவட்டிக்கொள்ள நம் ஊர்த் துண்டுக்கு நிகர் ஏதும் இல்லை. கனத்த பூந்துவாலை ஒருமுறை நனைந்தால் மலையில் இரண்டு நாளாயினும் உலராது. ஈரத்தோடு ஒரு கிலோ நிற்கும். மெல்லிய துண்டு, காற்றில் ஒரு மணி நேரம் பிடித்தால் உலர்ந்துவிடும். தலைப்பாகை ஆகும், கழுத்துக்குச் சுற்றாகும், சந்நிதியில் இடுப்பிலும் கட்டிக்கொள்ளலாம். முன்னோர் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சென்றது காரணமின்றி அன்று.

மருந்துகளை எக்காரணம் கொண்டும் குறைக்க வேண்டாம். அவற்றின் அட்டைப்பெட்டிகளை மட்டும் வீசிவிடலாம். இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கு அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரைகளை இரு பங்காக்கி, ஒரு பங்கை உடன் வருபவரிடம் கொடுத்து வையுங்கள். உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்னும் மாத்திரை உண்டு. அது எல்லாருக்கும் பொருந்தாது. சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் அதனை மருத்துவரிடம் முன்னதாகவே கூற வேண்டும். நண்பர் கொடுத்தார் என்று விழுங்கலாகாது. வாந்தி, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொடி சில பொட்டலங்கள் போதும், எடையே இல்லை.

வெந்நீரைத் தாங்கும் ஒரு லிட்டர் போத்தல் ஒன்று. இரும்புக் குடுவை வேண்டாம். இரவு படுக்கும்முன் விடுதியில் வெந்நீர் வாங்கி அதில் நிரப்பி, மூடியை இறுக்கி, பழைய காலுறையினுள் இட்டுப் போர்வைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொண்டால் விடியும்வரை வெப்பம் தரும். காலையில் அதுவே குடிநீர். ஒரு பொருள் இரு வேலை செய்யுமானால் அதற்கு மூட்டையில் இடம் கொடுக்கலாம். தலையில் கட்டும் சிறு மின்விளக்கு, கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்கும் முகத்துக்கும் களிம்பு. பாதியாக வெட்டிய சவர்க்காரம். கைப்பேசி மின்கலம் குளிரில் விரைவாக வற்றும். இரவில் அதனைச் சட்டைப்பைக்குள் வைத்து உறங்க வேண்டும். கடப்பிதழின் நகல், கடவு அளவுப் புகைப்படங்கள் நான்கு. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய வெளிநாட்டவருக்கு அனுமதிச்சீட்டு வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

உணவைப் பற்றிய அச்சம் நம்மவருக்கு அதிகம். நேப்பாளத்தில் வழிநெடுகக் கிடைப்பது சோறும் பருப்பும் கீரையும். கேட்கக் கேட்க மீண்டும் பரிமாறுவார்கள். சைவ உணவினருக்கு இதனினும் வசதியான நாடு அரிது. மின்பானை கொண்டுவந்த நண்பர் ஜோம்சோம் தாண்டி ஒரே ஒருமுறை சமைத்துப் பார்த்தார். அந்த உயரத்தில் நீர் 90 பாகையை எட்டும் முன்னரே கொதித்துவிடும் என்பதை அவரும் அறியார், நாங்களும் அறியோம். அரை வேக்காட்டுச் சோற்றை நடுவில் வைத்துக்கொண்டு பன்னிருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மனைவி கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலமோ காற்றழுத்தம் குறைந்ததால் பலூன்போல் உப்பி, பையைத் திறந்ததும் எழுந்து நின்றது.

திரும்பும் வழியிலும் ஒரு மயக்கம் காத்திருக்கிறது. ஆற்றுப் படுகையில் காணும் கருங்கற்களெல்லாம் சாளக்கிராமமாகவே தோன்றும். எங்களில் ஒருவர் நான்கு கிலோ கல் பொறுக்கினார். சாளக்கிராமத்தினுள் காணும் சக்கர வடிவம், இமயம் எழுவதற்கு முன் அங்கிருந்த கடலில் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த உயிரினத்தின் ஓட்டுச் சுவடு என்பர் நிலவியலார். அவர் பொறுக்கிய நான்கு கிலோவில் அவ்வடிவம் ஒன்றிலும் இல்லை.

இவையெல்லாம் முக்திநாத்துக்குப் பொருந்தும் அளவு. கயிலை யாத்திரை வேறு. மானசரோவரமே 4,500 மீட்டருக்கு மேல் உள்ளது. வலம் வரும் வழியிலுள்ள டோல்மா கணவாய் 5,600 மீட்டரைத் தாண்டும். ஏழு கிலோ மூட்டையை நம்பி அங்கே செல்ல வேண்டாம்.

இருமுடியும் உழவாரமும்

மூட்டையின் அளவை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். ஐயப்ப பக்தர்களின் இருமுடியைக் கருதுங்கள். முன்முடி ஐயனுக்கு, பின்முடி வழிப்பயணத்துக்கு. இரண்டும் சேர்ந்து ஒரு தலை தாங்கும் அளவு. காட்டுப் பாதையில் நாள்கணக்கில் நடந்த காலத்திலும் அவ்வளவே. நெய்யைக் குடத்தில் கொண்டுசெல்லவில்லை, ஒரு தேங்காய்க்குள் அடைத்தார்கள். அந்தச் சிற்றளவை முறையாக்கி வைத்தவர்களின் வழிவந்த நாம், இரண்டு லிட்டர் நெய் டின்னை ஓர் அறுபத்து மூன்று வயது அம்மையாரின் பையில் ஏற்றினோம்.

திருநாவுக்கரசர் கயிலைக்குச் சென்ற வரலாற்றைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. கால்கள் தேய்ந்தபின் கைகளால் தாவியும், கைகள் தேய்ந்தபின் மார்பினால் நகர்ந்தும், உடலைப் புரட்டியும் சென்றார் அவர். இறைவன் முனிவர் வடிவில் வந்து திரும்பிச் செல்லுமாறு கூறி, ஒரு பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் எழச் செய்து அங்கேயே கயிலைக் காட்சியைக் காட்டினார். அப்பரடிகள் என்றாலே நம் கண்முன் வருவது கையிலுள்ள உழவாரப்படை ஒன்றுதான். சிலையில் வடிப்போரும் அதனையன்றி வேறு பொருளை அவர் கையில் வைப்பதில்லை.

தீர்மானம்

2018ஆம் ஆண்டு எங்கள் ஆலயப் பொதுக்கூட்டத்தில், நடந்ததை அடியேன் எழுந்து கூறினேன். இனி யாத்திரை செல்வோரிடம் காணிக்கைப் பொருள் எதனையும் கொடுத்தனுப்பலாகாது, பெயரும் நட்சத்திரமும் எழுதிக் கொடுக்கலாம், பணமாக உண்டியலில் சேர்க்க விரும்புவோர் பொருளாளரிடம் ரசீது பெற்றுக் கொடுக்கலாம் என்று தீர்மானம் முன்மொழியப்பட்டது. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "சாமிக்குக் கொடுப்பதைத் தடுக்கச் செயலாளர் யார்?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வியே. மணி கொடுத்த பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் அக்காவிடம் சென்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா தலையை ஆட்டி ஆட்டிப் பதில் கூறிக்கொண்டிருந்தார். தீர்மானம் நிறைவேறியது. அவ்வாண்டு உபயத்தையும் அப்பெரியவர் விடவில்லை.

2024ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒன்பது பேர் மீண்டும் புறப்பட்டோம். புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அன்னதானக் கூடத்தில் அரிசி நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, ஒவ்வொருவர் மூட்டையையும் எல்லார் முன்னிலையிலும் நிறுத்தோம். அடியேனுடையது முதலில் எட்டுக் கிலோ இருநூறு. கூட்டத்தில் சிரிப்பு. மின்சவரக் கருவியையும் தடித்த நாள்குறிப்பு ஒன்றையும் எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். எழுபது வயதில் இரண்டாம் முறை வந்த அக்காவின் பை ஆறு கிலோ நானூறு. அதே பண்டல் கடைக் குளிர்ச்சட்டை அவர் கையில் இருந்தது, பையில் அன்று. "இத போட்டுக்கிட்டுத்தான் ஏறுவேன், யார் கேட்டாலும் கழட்ட மாட்டேன்" என்று அடியேனைப் பார்த்துக் கூறினார்.

ஜோம்சோமில் இரு இரவுகள் தங்கினோம். இடையிலுள்ள நாளில் மார்பா கிராமம்வரை மெல்ல நடந்து வந்தோம். மூன்றாம் நாள் காலையில் ஜீப்பில் முக்திநாத் சென்று, பிற்பகலுக்குள் கீழே திரும்பிவிட்டோம். இம்முறை ஒருவருக்கும் வாந்தி இல்லை; இருவருக்கு இலேசான தலைவலி. அக்கா இம்முறை தாரைகளின் கீழ் ஓடவில்லை. ஒவ்வொன்றிலும் விரலை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டே சென்றார்.

சந்நிதி முன் நின்று, இரண்டு தாள்களில் எழுதிச் சென்ற 137 பெயர்களையும் நட்சத்திரங்களையும் அடியேன் படித்தேன். பத்துப் பெயருக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிற்க வேண்டியிருந்தது. மணி கொடுத்த பெரியவர் குடும்பத்தின் பெயர் பட்டியலில் முதலாவதாக இருந்தது. அந்த மணியையும் தேடினேன். அங்கே தொங்கும் மணிகளுக்கிடையில் எதுவென்று அடையாளம் காண இயலவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள், விளையாட்டாக அக்காவின் பையை மீண்டும் தராசில் வைத்தோம். ஆறு கிலோ எழுநூறு காட்டியது.

"என்ன அக்கா, முந்நூறு கிராம் கூடியிருக்கிறதே, கல்லா?" என்று கேட்டேன்.

"மார்பா ஆப்பிள் வத்தல், தம்பி. பேத்திக்கு" என்றார்.